உரித்த கமலா ஆரஞ்சு

வங்காளத்தின் பெஹாலா பகுதியில் ஒரு தொடக்கப் பள்ளி. என்னிடம் ஆசிரியர் பயிற்சி பெறும் மௌஷுமி மூன்றாம் வகுப்புக்கு அறிவியல் நடத்த, அவளுக்கு மதிப்பெண் போடுவதற்காகக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வாளித் தண்ணீரில் ஒரு கமலா ஆரஞ்சு மிதந்தது.

"ஏன் மிஸ் மிதக்குது?" என்றாள் ஒரு சிறுமி.

"எனக்கும் சரியாத் தெரியல. சேர்ந்து கண்டுபிடிப்போமா?" என்றாள் மௌஷுமி.

எனக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. பிள்ளைகள் முன்னாலேயே வங்காள மொழியில் கத்தினேன். "டீச்சரே தெரியாதுன்னு சொல்றதா? இதுக்கா உனக்கு இத்தனை நாள் சொல்லிக் கொடுத்தேன்?" பிறகு பிள்ளைகளிடம், "கனமானது மூழ்கும், லேசானது மிதக்கும். எழுதிக்கோங்க" என்றேன்.

அந்தச் சிறுமி எழுதவில்லை. பழத்தை உரித்துத் தண்ணீரில் போட்டாள். அது மூழ்கிவிட்டது.

"இப்ப இன்னும் லேசாத்தானே ஆச்சு, மிஸ்?"

"அதிகப்பிரசங்கி, உட்காரு!" என்று அதட்டினேன். அதற்குப் பிறகு மணி அடிக்கும்வரை ஒரு பிள்ளைகூடக் கேள்வி கேட்கவில்லை.

மறுவாரம் மௌஷுமியையும் கூட்டிக்கொண்டு அங்கே போனேன். "நீ கேட்டதுதான் சரிம்மா. அன்னிக்கு எனக்குத்தான் பதில் தெரியல" என்றேன் அந்தச் சிறுமியிடம்.

"சரி மிஸ்" என்றாள். வேறு எதுவும் கேட்கவில்லை.

என் மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை. தணியவும் வேண்டாம்.