பஸ் இல்லாமல் பதினேழாம் தடம்

168/108. மார்ச் நான்காம் தேதி காலை, ஆண்டுப் பரிசோதனையில், பதினேழாம் தடத்து டிரைவரம்மாவின் ரத்த அழுத்தம் இது. வயது நாற்பத்தொன்பது. பஸ் ஓட்டத் தொடங்கிப் பத்தொன்பது ஆண்டு. ஒரு மோதல் கிடையாது, ஒரு மெமோ கிடையாது. டாக்டர் கையில் சுற்றிய பட்டையை அவிழ்த்து, மறுபடி சுற்றிப் பார்த்தார். எண் அசையவில்லை.

“இன்னிலேர்ந்து மூணு மாசம் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது,” என்றார். “மாத்திரை எழுதறேன். உப்பைக் குறைங்க. மொதல்ல ரெண்டு வாரம் நடங்க, அப்புறம் மெதுவா ஓட ஆரம்பிங்க. ஜூன் நாலாம் தேதி ஒன்பது மணிக்கு வாங்க. 140/90-க்குக் கீழே வந்திருந்தா கையெழுத்துப் போடறேன்.”

“வரலேன்னா?”

“வரலேன்னா வேற வேலை.”

வேறு வேலை என்னவென்று அன்று மதியமே தெரிந்துவிட்டது. பயணிகள் மறந்துவிட்டுப் போகும் சாமான்களுக்காக டெப்போவில் ஒரு கவுன்ட்டர் உண்டு. குடை, சாப்பாட்டு டப்பா, ஒற்றைச் செருப்பு, ஒரு முறை முழு பல்செட். எல்லாவற்றுக்கும் நம்பர் எழுதி நூலில் கட்ட வேண்டும். ஜன்னல் வழியாக அவருடைய பஸ் வேறொருவர் கையில் கிளம்பிப் போனது. கியர் போடும் சத்தம் கேட்டு அவருக்குப் பல் கூசியது.

“மூணு மாசத்துக்கு இதைப் பார்த்துக்கிட்டிருக்கலாம். ஆயுசு முழுக்க முடியாது,” என்று அன்று வீட்டில் சொன்னார்.

கணவர் பேக்கரியில் ரொட்டி போடுபவர். மறுநாளே உப்பில்லாத பன் ஒன்று செய்து கொண்டுவந்தார். டிரைவரம்மா ஒரு வாய் கடித்தார்.

“இதுக்கு அந்த மாத்திரையே தேவலைங்க.”

“சாப்பிடு. நானும் இதைத்தான் சாப்பிடப் போறேன்.”

சொன்னபடியே மூன்று மாதமும் சாப்பிட்டார். அந்தப் பெருமை அவரைச் சேர வேண்டும்.

இரண்டு வாரம் நடந்தாயிற்று. ஓடுவது எங்கே? பூங்காவில் ஓடு என்றார் கணவர்.

“சுத்திச் சுத்தி வந்து கிளம்பின எடத்துலயே நிக்கறதுக்கா? அதுக்குப் பேரு ரூட்டா?”

அவருக்குத் தெரிந்த ரூட் ஒன்றுதான். டெப்போவில் தொடங்கி ஆஸ்பத்திரியில் முடியும் பதினேழாம் தடம். ஆறு கிலோமீட்டர், பதினோரு ஸ்டாப். எந்தக் குழி எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். ஆனால் பள்ளிக்கூட ஸ்டாப்புக்கு முன்னால் சாலை மேடாக ஏறுகிறது என்பது ஓடிய அன்றைக்குத்தான் தெரிந்தது. பத்தொன்பது வருஷமாக அந்த மேட்டை ஏறியது எஞ்சின்.

பள்ளிக்கூடம்தான் முதல் ஸ்டாப். நானூறு மீட்டர்கூட இருக்காது. நாக்குத் தள்ள வந்து சேர்ந்து, கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். பஸ்ஸுக்குக் காத்திருந்த பெண்களில் ஒருத்தி அவரை அடையாளம் கண்டுகொண்டாள்.

“என்னக்கா, நீங்க மட்டும் வர்றீங்க? பஸ் எங்கே?”

“பின்னாடி... வருது.”

நிஜமாகவே வந்தது. எல்லோரும் ஏறினார்கள். அவரும் ஏறிவிட்டார். முதல் நாள் ஓட்டம் அத்துடன் சரி.

மறுநாளிலிருந்து ஒரு ஸ்டாப் ஓடி, ஒரு ஸ்டாப் நடந்தார். இரண்டாவது வாரம் முழங்காலுக்குக் கீழே எலும்பு விண் விண் என்று தெறித்தது. காரணம் அவர் காலிலேயே இருந்தது. பெடல் அழுத்துவது உள்ளங்காலுக்குத் தெரிய வேண்டும் என்று தேய்ந்த, மெல்லிய அடியுள்ள ஷூவைத் தேடித் தேடிப் போடுபவர் அவர். அதோடுதான் தார்ச்சாலையில் ஓடியிருக்கிறார். ஒரு வாரம் ஓய்வு. பிறகு மெத்தை போல அடி தடித்த ஷூ வந்தது.

“இதைப் போட்டுக்கிட்டு பஸ் ஓட்டினா பிரேக் எங்கே இருக்குன்னே தெரியாது போலிருக்கே,” என்றார் கணவர்.

“மொதல்ல பஸ்ஸைக் குடுக்கட்டும்.”

டெப்போவின் டைம்கீப்பர் ஓய்வுபெற ஓராண்டு இருக்கும் மனிதர். எந்தப் பஸ் எப்போது கிளம்பியது, எப்போது சேர்ந்தது என்று ரிஜிஸ்டரில் எழுதுவது அவர் வேலை. அவர் ஒரு காரியம் செய்தார். நிஜ டியூட்டி அட்டை ஒன்றை எடுத்து, டிரைவரம்மாவின் ஓட்டத்துக்கு நேரம் போட்டுக் கொடுத்தார். டெப்போ காலை 5.40, பள்ளிக்கூடம் 5.44, தபால் ஆபீஸ் 5.50, இப்படியே போய் ஆஸ்பத்திரி 6.40.

“கைல இதை வச்சுக்கிட்டா நீ ஓடிடுவேம்மா. உன்னை எனக்குத் தெரியாதா?”

உண்மைதான். டெப்போவில் அவருக்கு ‘கரெக்ட் அக்கா’ என்று பேர். பதினேழு வந்து நின்றால் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளலாம் என்பார்கள். அட்டை வந்த பிறகு நடை குறைந்தது, ஓட்டம் கூடியது. ஐந்தாவது வாரம் ஸ்டாப்புக்கு ஸ்டாப் நடக்காமல் ஆஸ்பத்திரி வரை ஓடிச் சேர்ந்தார். சரியாக 6.40.

எட்டாவது வாரம் டெப்போ நர்ஸிடம் கையை நீட்டினார். 150/96.

முகம் விழுந்துவிட்டது. அன்று கவுன்ட்டரில் பதினாலு குடைக்கு நம்பர் கட்டினார். மறுநாள் காலை டைம்கீப்பர், அவர் எப்படித்தான் ஓடுகிறார் என்று பார்க்க, அவரிடம் சொல்லாமல் கிளம்பிப் போய் நூலக ஸ்டாப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

டிரைவரம்மா ஓடி வந்தார். நல்ல வேகம், மூச்சும் சீராக இருந்தது. ஸ்டாப்புக்கு வந்ததும் கம்பத்துக்குப் பக்கத்தில் சட்டென்று நின்றார். அட்டையைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், அங்கேயே நின்றார்.

“கால் வலிக்குதா?”

“இல்லண்ணே.”

“மூச்சு வாங்குதா?”

“இல்லண்ணே. ரெண்டு நிமிஷம் முன்னாடி வந்துட்டேன். டைம் ஆகட்டும்.”

“எல்லா ஸ்டாப்புலயும் இப்படித்தான் நிக்கறியா?”

“முன்னாடி எடுத்துட்டுப் போகக் கூடாதுல்லண்ணே.”

வெளியாட்கள் இதைக் கேட்டுச் சிரிக்கலாம். பஸ் ஓட்டுபவர்கள் சிரிக்க மாட்டார்கள். தாமதமாகப் போனால் பயணி திட்டுவார், அவ்வளவுதான். நேரத்துக்கு முன்னால் கிளம்பினால், சரியான நேரத்துக்கு வந்தவர் வெறும் சாலையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அதனால் டெப்போ சட்டத்தில் முந்திப் போவதுதான் பெரிய குற்றம். பத்தொன்பது ஆண்டில் அவர் அந்தக் குற்றத்தை ஒரு முறைகூடச் செய்ததில்லை.

டைம்கீப்பர் அவரைச் சுற்றி ஒரு முறை பார்த்தார்.

“சரிம்மா. இப்ப உன் மேல யாரு ஏறப்போறா?”

டிரைவரம்மாவுக்குச் சிரிப்பு வந்து நிற்கவே முடியவில்லை. டைம்கீப்பர் அட்டையை வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். “நிக்காம போ.”

போனார். பாலம், தண்ணீர்த் தொட்டி, ரயில் கேட், எதிலும் நிற்கவில்லை. கடைசி இரண்டு ஸ்டாப்பில் உடம்பு கெஞ்சியது, ஆனாலும் விடவில்லை. அந்த வாரக் கடைசியில் முழுத் தடத்தையும் நாற்பத்தெட்டு நிமிடத்தில் முடித்தார். டைம்கீப்பர் அன்றைய ரிஜிஸ்டரில் பச்சை மையில் எழுதினார்: “17. பஸ் இல்லை. டிரைவர் மட்டும். 48 நிமிடம்.” மேலதிகாரி கேட்டதற்கு, “கிளம்பினதை எழுதறதுதானே சார் என் வேலை?” என்றார். அதன் பிறகு காலையில் அவரைத் தாண்டிப் போகும் ஒவ்வொரு பஸ்ஸும் ஒரு ஹாரன் கொடுத்துவிட்டுத்தான் போனது. மாத்திரையும் தன் பங்குக்கு வேலை செய்தது. அதை விட்டுவிட்டு எழுதக் கூடாது என்பது டாக்டரின் கண்டிப்பு.

ஜூன் நான்காம் தேதி. பரிசோதனை ஆஸ்பத்திரியில்.

“இன்னிக்காவது பஸ்ல வாயேன்,” என்றார் கணவர்.

“என் ரூட்டுல இன்னொருத்தர் ஓட்டி நான் உக்காந்து போறதா? நீங்க ஏறுங்க. மாத்துச் சட்டையும் ஃபைலும் பத்திரம்.”

பாலத்தில் பஸ் அவரைப் பிடித்தது. கணவர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். பள்ளிக்கூட ஸ்டாப் பெண் தலையை வெளியே நீட்டினாள்.

“அக்கா, எடம் இருக்கு, ஏறிக்கங்க!”

“நீ போய் எனக்கு எடம் போட்டு வை, வர்றேன்!”

ஆஸ்பத்திரிக்கு வந்தபோது நாற்பத்தாறு நிமிடம். வியர்வையோடு நேரே உள்ளே போய்க் கையை நீட்டினார். 156/92.

கணவர் ஃபைலை மூடினார். “நான் சொன்னேன்ல...” என்று ஆரம்பித்தார்.

டாக்டர் ஷூவைப் பார்த்தார். “எதுல வந்தீங்க?”

“ஓடித்தான்.”

“எங்கேர்ந்து?”

“டெப்போலேர்ந்து.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். “ஓடி வந்த கையோட யாரும்மா பிரஷர் பார்ப்பாங்க? போய் அரை மணி நேரம் உக்காருங்க. பேசக் கூடாது, எழுந்திரிக்கக் கூடாது. முடியுமா?”

“நேரம் வர்ற வரைக்கும் ஒரே எடத்துல நிக்கறதுதானே டாக்டர்? அது எனக்கு நல்லாவே வரும்.”

சட்டையை மாற்றிக்கொண்டு வராந்தா நாற்காலியில் உட்கார்ந்தார். கை இரண்டும் மடியில். ஜன்னலுக்கு வெளியே கடைசி ஸ்டாப். பதினேழு ஒன்று வந்தது, ஆட்களை இறக்கியது, நின்றது. கணவர் நான்கு முறை எழுந்து நடந்தார். டிரைவரம்மா அசையவில்லை. முப்பது நிமிடம் முடிந்த நொடியில் எழுந்தார்.

128/82.

டாக்டர் இன்னொரு முறை பார்த்தார். அதே எண். கையெழுத்துப் போட்டார். கணவர் பையிலிருந்து பன்னை எடுத்தார்.

“இதுல கொஞ்சம் உப்பு போட்டிருக்கேன்.”

“வேணாங்க,” என்றார் டிரைவரம்மா. “பழகிடுச்சு.”

ஜூன் ஐந்தாம் தேதி காலை 5.40-க்குப் பதினேழாம் தடத்தின் முதல் பஸ் டெப்போவிலிருந்து கிளம்புகிறது. டியூட்டி அட்டையில் இருப்பது அவருடைய நம்பர்.