மழையில் கனத்த மண்மூட்டை

அம்மா மறைந்து ஓராண்டு நிறைகிறது. திதிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்களிடம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதில் அழுகை குறைவாகத்தான் இருக்கும். அப்பாவைக் கடைசிவரை தன் கையால் பார்த்துக்கொள்ள வேண்டும், அவருக்குப் பின்னால்தான் தான் போக வேண்டும் என்பதைத் தவிர அம்மா எதையும் பெரிதாக ஆசைப்பட்டதில்லை. அது அப்படியே நடந்தது. அந்த நிம்மதியில்தான் எழுதுகிறேன். நான் மலையாளத்தில் படித்தவள். பிழை இருந்தால் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். அம்மாவைப் பற்றி மலையாளத்தில் எழுத எனக்கு மனம் வரவில்லை.

அம்மா செங்கோட்டைப் பக்கம் பிறந்தவர். கல்யாணமாகி மட்டாஞ்சேரிக்கு வந்தபோது வயது பத்தொன்பது. அப்பாவுக்கு இங்கே மிளகு, சுக்குக் கிடங்கில் எடை போடும் வேலை. அம்மாவும் அதே கிடங்கில் சுக்குப் பொறுக்கப் போனார். இருவர் உழைப்பிலும்தான் ஒரே மகளான நான் படித்தேன். அப்பா நல்ல வாட்டசாட்டமானவர். அம்மா ஒல்லி. மழைக்குக் குடை பிடித்தால் "குடையோட பறந்துடாதே" என்று அப்பா கேலி செய்வார்.

ஆறு வருடங்களுக்கு முன் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு குழறியதால் பேசுவதையே குறைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய இரண்டாம் வாரம், காலையில் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும்போது இருவரும் தரையில் சரிந்தார்கள். அப்பாவின் அடியிலிருந்து அம்மாவால் வெளியே வர முடியவில்லை. பக்கத்து வீட்டு நபீசா இத்தா சத்தம் கேட்டு ஓடி வந்து தூக்கும்வரை அப்படியே கிடந்தார்கள்.

செய்தி கேட்டுக் காக்கநாட்டில் என் வீட்டிலிருந்து ஓடி வந்த நான், அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். இப்படிப்பட்டவர்களை வைத்துப் பார்த்துக்கொள்ளும் ஓர் இல்லம் இடப்பள்ளிப் பக்கம் இருந்தது. அங்கே அப்பாவுக்கு ஓர் இடம் சொல்லி வைத்தேன். அம்மா சண்டை போடவில்லை.

"மூணு மாசம் தாடீ. அதுக்குள்ள என்னால அவரை எழுப்பி உக்கார வைக்க முடியலேன்னா, நீ சொல்ற இடத்துக்கே கொண்டுபோ."

"அப்பா எழுபது கிலோம்மா. நீ நாப்பத்தஞ்சு."

"அதுக்குத்தானே மூணு மாசம் கேக்கறேன்!"

வீட்டுக்கே வந்து படுக்கை நோயாளிகளைப் பார்க்கும் பாலியேட்டிவ் நர்ஸ் சிஸ்டரிடம் அம்மா பாடம் கேட்டார். முழு பாரத்தையும் தூக்க வேண்டாம், அப்பாவின் இடுப்பில் பெல்ட் கட்டி, இடது காலை ஊன்றச் சொல்லி, எழுப்பித் திருப்பினால் போதும் என்று அவர் செய்து காட்டினார். "முட்டு மடக்கணும் அம்மே, நடு வளைக்கண்டா." முழங்காலை மடக்கு, முதுகை வளைக்காதே என்று அர்த்தம். அதற்கே காலில் பலம் வேண்டும். பலத்துக்கு எடை தூக்கிப் பழக வேண்டும். தூக்கும் எடையை வாரத்துக்கு ஒரு கிலோவுக்கு மேல் கூட்டக்கூடாது என்பது சிஸ்டரின் கண்டிப்பு.

அம்மா வீட்டையே ஜிம் ஆக்கிவிட்டார். அப்பாவின் பழைய காக்கிக் கால்சட்டைகளின் கால்களை வெட்டி, ஒரு முனையைத் தைத்து, ஃபோர்ட் கொச்சிக் கடற்கரை மண்ணை நிரப்பி, மறுமுனையைக் கயிற்றால் கட்டினார். முதல் மூட்டை இரண்டு கிலோ. அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தார். ஜன்னல் கம்பியில் சைக்கிள் டியூபைக் கட்டி இழுத்தார். காலி எண்ணெய் கேன்களில் தண்ணீர் பிடித்து, கைக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு அடுக்களைக்கும் வாசலுக்கும் நடந்தார். கட்டிலில் கிடந்தபடி அப்பா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பார். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

பத்துக் கிலோ மூட்டைக்கு வந்த சமயம் இடவப்பாதி என்னும் ஜூன் மாத மழை பிடித்துக்கொண்டது. முதல் வாரம் அந்த மூட்டையோடு எட்டு முறை எழுந்தவரால், மழை தொடங்கிய பின் ஒரு முறைகூட எழ முடியவில்லை. நான்கைந்து நாள் விடாமல் முயன்றார். ஞாயிற்றுக்கிழமை நான் போயிருந்தபோது மூட்டையைத் தரையில் வைத்துவிட்டு ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"உள்ள பலமும் போயிட்டிருக்கு. என்னால ஆகாது. நீ அந்த இடத்துக்கு போன் பண்ணிடு."

உண்மையைச் சொன்னால், எனக்கு மனசு லேசாகத்தான் இருந்தது. போனைக் கையில் எடுத்தேன்.

அப்போது கட்டிலிலிருந்து குரல் வந்தது. பல நாளாக வாய் திறக்காத அப்பா, ஒவ்வொரு சொல்லாக இழுத்தார். "மழ... மூட்ட... கனக்கும்."

எனக்கு விளங்கவில்லை. அம்மாவுக்கு உடனே விளங்கிவிட்டது. மழைக்காலத்தில் சுக்கு மூட்டை ஈரம் குடித்துக் கனத்துப்போகும். மூட்டைக்குள் கையை விட்டுப் பார்க்காமல் அப்பா எதையும் தராசில் ஏற்றியதில்லை. அம்மா கயிற்றை அவிழ்த்து மண்ணுக்குள் கையை விட்டார். ஒரே ஈரம். பின்பக்கச் சாரலில் வைத்த மூட்டை, போதாததற்கு ஈரத்தை இழுக்கும் கழுவாத உப்பு மண். எதிரே, தெருவே இக்கா என்று அழைக்கும் அண்ணனின் பலசரக்குக் கடைக்கு நானே தூக்கிக்கொண்டு போனேன். தராசு பன்னிரண்டரை காட்டியது.

"அப்போ நான் குறையலே," என்றார் அம்மா. "மண்ணுதான் கூடியிருக்கு." சொல்லிவிட்டு அழுதார். பிறகு அப்பாவைப் பார்த்து, "படுத்த படுக்கையில இருந்துக்கிட்டு இதையும் எடை போட்டிருக்கீங்களே" என்றார். அப்பா பாதி வாயால் சிரித்தார்.

அடுத்த நாள் மண்ணைக் கழுவி, வாணலியில் ரவை வறுப்பதுபோல வறுத்து, ஆறவைத்து, பிளாஸ்டிக் பையில் கட்டி மூட்டைக்குள் போட்டார். சரியாகப் பத்துக் கிலோ. அம்மா எழுந்துவிட்டார்.

மூன்று மாதம் முடிய இரண்டு நாள் இருந்தது. அம்மா பெல்ட்டைப் பிடித்து, முழங்காலை மடக்கி, "ம், எழுந்திரிங்க" என்றார். அப்பா எழுந்தார், திரும்பினார், நாற்காலியில் உட்கார்ந்தார். தாங்கிப் பிடிக்க நீட்டியிருந்த என் கைகளுக்கு வேலையே இல்லை. சொல்லி வைத்த இடம் வேண்டாம் என்று அன்று மாலையே இல்லத்துக்குச் சொல்லிவிட்டேன்.

அதன்பின் நான்கு வருடம் அப்பா தினமும் ஜன்னலோரம் உட்கார்ந்து சாயா குடித்தார். ஒரு தடவைகூட விழவில்லை. தன் வீட்டில், தன் கட்டிலில், அம்மா பக்கத்தில் இருக்கக் கண்ணை மூடினார்.

அதற்குப் பிறகும் அம்மா மூட்டையை விடவில்லை. "இனி யாரைத் தூக்கப் போறே?" என்று கேட்டேன். "என்னைத் தூக்க வேண்டாமா? அதுக்கு உன்னைக் காக்கநாட்டிலேர்ந்து வரச் சொல்லணுமா?" என்றார். நான்கே நாள் காய்ச்சல். கடைசி நாள் காலையிலும் தானே எழுந்து முகம் கழுவி வந்து படுத்தார்.

அன்று ஓடி வந்து தூக்கிய நபீசா இத்தாவுக்கும், முழங்காலை மடக்கச் சொல்லிக்கொடுத்த சிஸ்டருக்கும், மண்மூட்டையைச் சிரிக்காமல் நிறுத்துக் கொடுத்த இக்காவுக்கும், இறுதிச் சடங்கில் தோள் கொடுத்த தெருக்காரர்கள் எல்லோருக்கும் எங்கள் நன்றி. கடைசி நன்றி அப்பாவுக்கு. அன்றைக்கு அவர் அந்த மூன்று சொல்லைச் சொல்லாமல் இருந்திருந்தால் நான் போன் செய்திருப்பேன். தன்னிடம் பலம் இல்லை என்று நம்பிக்கொண்டே அம்மா போயிருப்பார்.