ஒரு பக்கத்துக்கு ஒரு ஊசி

என் மாமியாரின் குரல் ஓர் இசைத்தட்டில் இருக்கிறது என்பது கல்யாணமாகி எட்டு மாதம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அறுபதுகளின் தொடக்கம் அது. சேலம் அம்மாபேட்டையில் எங்களுடையது நெசவு வீடு. கூடத்தில் இரண்டு குழித்தறி. ஒன்றில் மாமனார், இன்னொன்றில் என் வீட்டுக்காரர். அத்தையும் நானும் நூல் சுற்றுவோம். மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அவருக்குப் பேச்சு குறைவு.

கல்யாணத்துக்கு முன் அவர் நாடகத்தில் பாடியவர் என்றும், சென்னைக்குப் போய் ஒரே ஒரு தட்டுக்குப் பாடிவிட்டு வந்தவர் என்றும் பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். மேடையில் பார்த்துத்தான் மாமனார் அவரைக் கட்டினாராம். "இனிமேல் பாடமாட்டேன்" என்று வாக்கு வாங்கிக்கொண்டுதான் மாமனாரின் தாயார் மருமகளை வீட்டுக்குள் விட்டாராம். வாக்கு வாங்கியவர் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகியிருந்தது. வாக்கு மட்டும் அப்படியே இருந்தது.

ஒரு நாள் மத்தியானம் எல்லோரும் ஒரு சாவுக்குப் போயிருந்தார்கள். நான் மர பீரோவைத் திறந்தேன். பழைய பட்டுத்துணியில் சுற்றிய இசைத்தட்டு மேல் அடுக்கிலேயே இருந்தது. கூடத்து மூலையில் கிடந்த கிராமபோனுக்குச் சாவி கொடுத்து, தட்டை வைத்து, ஏற்கெனவே மாட்டியிருந்த ஊசியையே இறக்கினேன். ஒரு பக்கம் பாடி முடிக்க ஒரு ஊசி, அடுத்த பக்கத்துக்கு வேறு ஊசி என்ற கணக்கெல்லாம் எனக்குத் தெரியாது.

முதல் வரி கணீரென்று வந்தது. என் கை அப்படியே நின்றுவிட்டது. தினமும் "உப்பு போட்டியா?" என்று கேட்கிற குரலா இது! ஆனால் இரண்டாவது வரிக்குள் இரைச்சல் ஏறியது. ஊசி போன தடத்தில் சாம்பல் நிறத்தில் பொடி எழும்பியது. அது என்னவென்று எனக்குப் புரிவதற்குள் அத்தை நிலைப்படியில் நின்றார். ஓடி வந்து, ஊசி மாட்டிய கிராமபோன் கையைத் தூக்கி வைத்தார். அந்தப் பொடியை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"தேஞ்ச ஊசி. இந்தப் பக்கம் போச்சு" என்றார். திட்டவில்லை. தட்டைச் சுற்றும்போது, "அந்தப் பக்கம் நல்லாருக்கு. நல்ல ஊசி இருந்தா போடலாம். இப்ப எங்க கெடைக்குது?" என்றார்.

திட்டியிருந்தால் அழுது முடித்திருப்பேன். அவர் திட்டாததால் எனக்குச் சோறு இறங்கவில்லை. கெடுத்தவள் நான், நல்ல ஊசியைத் தேடிக் கொண்டுவர வேண்டியவளும் நான்தான் என்று முடிவு செய்தேன்.

சேலம் கடைவீதியில் நாலைந்து கடை ஏறி இறங்கினேன். "ஊசி வரத்தே நின்னு போச்சும்மா. கரண்ட்டுல ஓடுற பொட்டி வந்துருச்சு, அதை வாங்கிக்குங்க" என்றார்கள். ஒரு கடையில் மட்டும் காகிதப் பொட்டலத்தில் கொஞ்சம் ஊசி கொடுத்தார்கள். இந்த முறை நான் அவசரப்படவில்லை. ஓர் அங்குலத்தில் எத்தனை இழை ஓடுகிறது என்று எண்ணிப் பார்க்க, நெசவுக்காரர்கள் ஒரு சின்ன மடக்குக் கண்ணாடி வைத்திருப்பார்கள். என் வீட்டுக்காரருடைய கண்ணாடியை எடுத்து ஊசி முனையைப் பார்த்தேன். வெறும் கண்ணுக்குக் கூர்மையாகத் தெரிந்தது, கண்ணாடிக்குள் ஒடித்த வேப்பங்குச்சி மாதிரி பிசிறு பிசிறாக இருந்தது. வீட்டில் கிடந்த, ஓரம் உடைந்த விளம்பர இசைத்தட்டு ஒன்றில் ஓட்டிப் பார்த்தேன். பாதி தூரத்திலேயே முனை உளி மாதிரி தட்டையாகிவிட்டது. எஃகு என்று சொல்லி வெறும் இரும்பைக் கொடுத்திருக்கிறார்கள்.

யாரோ சொன்னார்கள் என்று கருவேல முள்ளைக் காயவைத்துச் சீவி மாட்டி, அதே தட்டில் ஓட்டினேன். தட்டு கெடவில்லை. சத்தம்தான் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. அத்தை நூல் சுற்றிக்கொண்டே, "முள்ளு பாடத்தான் பாடுது. மூக்கால பாடுது" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

மூன்று மாதம் இப்படியே போனது. சேலை எடுக்க வந்த நாமக்கல் வியாபாரி ஒருவர், சேந்தமங்கலத்தில் கல்யாண வீடுகளுக்குப் பாட்டுப் போடுகிற ஒருவர் இருக்கிறார், மைக்செட்டுக்கு மாறிவிட்டார், பழைய ஊசியெல்லாம் அவரிடம் கிடக்கலாம் என்றார்.

"ஒரு ஊசிக்காகச் சேந்தமங்கலமா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"ஒரு ஊசி இல்லைங்க. நல்ல ஊசி."

மறுநாள் விடியலிலேயே மடக்குக் கண்ணாடியை இடுப்பில் செருகிக்கொண்டு, எங்கள் தறியில் நெய்த துண்டு ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். நாமக்கல்லில் இறங்கி வேறு பஸ். தனியாக அவ்வளவு தூரம் போனது அதுதான் முதல் தடவை.

மைக்செட்டுக்காரர் ஒலிபெருக்கிக் குழாயைத் துடைத்துக்கொண்டிருந்தார். "ஏனுங்கம்மா, இதுக்காகவா சேலத்துல இருந்து வாரீங்க?" என்று கேட்டுவிட்டு, உள்ளேயிருந்து ஒரு பிஸ்கட் டின்னைத் தூக்கி வந்தார். டின் நிறைய ஊசி. கை நிறைய அள்ளினேன். அடுத்த வார்த்தையில் அவரே அந்தச் சந்தோஷத்தைக் கெடுத்தார்.

"ஓட்டுனது, ஓட்டாதது எல்லாம் ஒண்ணாக் கெடக்குதுங்க. எது எதுன்னு எனக்கே தெரியாது."

"நான் பொறுக்கிக்கறேன்."

"பொழுது போயிருமுங்க."

"போகட்டுங்க."

வாசலில் வெளிச்சமாக இருந்த இடத்தில் உட்கார்ந்தேன். ஒவ்வொரு ஊசியாக எடுத்துக் கண்ணாடிக்கு அடியில் பிடித்தேன். ஓட்டிய ஊசி என்றால் முனையில் ஒரு பக்கம் தேய்ந்து பளிச்சென்று தட்டையாகத் தெரியும். ஓட்டாதது எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே மாதிரி உருண்டு கூம்பும். இருபது பார்த்தால் ஒன்று தேறியது. வெயில் ஏற ஏறக் கண்ணில் நீர் கோத்தது.

அவர் மனைவி மோர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். "கண்ணு நோவலையா சாமி?"

"நோவுதுங்க."

"அப்பறம் என்னத்துக்கு இந்தப் பாடு?"

சொன்னேன். பீரோவைத் திறந்தது, சாம்பல் பொடி, அத்தை திட்டாதது, எல்லாம். அந்த அம்மா உள்ளே போய் முறத்தை எடுத்து வந்தார். டின்னை அதில் கவிழ்த்தார். "துருப்புடிச்சதைக் கழிக்க எனக்குக் கண்ணாடி வேண்டாம். நீ முனையை மட்டும் பாரு."

அதன் பிறகு வேலை ஓடியது. கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று மைக்செட்டுக்காரர் வந்து சொன்னபோது என் மடியில் முப்பத்தேழு ஊசி இருந்தது. துண்டை அந்த அம்மாவிடம் கொடுத்துவிட்டு ஓடினேன்.

மறுநாள் காலை அத்தையின் முன்னால் ஊசிகளை வைத்தேன். அவர் ஒன்றை எடுத்து விரல் நகத்தில் மெல்ல உரசிப் பார்த்தார். எழுந்து போய்த் தட்டை எடுத்து வந்தார். கெடாத பக்கத்தை மேலே வைத்து, சாவியை அவரே கொடுத்தார். ஊசியை அவரே இறக்கினார்.

குரல் இரைச்சலே இல்லாமல் எழுந்தது. என் வீட்டுக்காரரின் தறி நின்றது. மாமனாரின் தறி இன்னும் இரண்டு மிதி ஓடி, பிறகு நின்றது. அவர் குழியிலிருந்து ஏறி வந்தார். கோபமாக வருகிறார் என்று நினைத்து நான் சுவரோரம் ஒதுங்கினேன். அவர் கிராமபோன் பக்கத்தில் குனிந்து காதைக் கொடுத்தார்.

"வேகமா ஓடுது. உன் குரல் இவ்வளவு கீச்சு இல்லை" என்றார் அத்தையிடம். வேகத்தைக் குறைக்கும் திருகைத் துளித்துளியாகத் திருப்பினார். குரல் இறங்கி, அகலமாகி, ஓர் இடத்தில் அவர் கை நின்றது. "இதான்" என்றார்.

முப்பது வருஷத்துக்கு முன் கேட்ட குரலின் அளவு அவர் காதில் அப்படியே இருந்திருக்கிறது. அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பாட்டு முடிந்ததும் அவர் சொன்னது வேறு.

"கடைசி வரியில நடுவுல மூச்சு வாங்கிட்டேன். அன்னைக்கு ஒருத்தரும் சொல்லலை. இப்படி வரணும்" என்று அந்த வரியை எங்கள் மூன்று பேர் முன்னாலும் பாடிக் காட்டினார். குரல் கரகரத்தது, மூச்சு மட்டும் உடையவில்லை. வாக்கைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை. "இன்னொரு தடவை போடு" என்றார் மாமனார். "வேற ஊசி" என்று அத்தை என்னைப் பார்த்துக் கையை நீட்டினார்.

அடுத்த தை மாதத்துக்குள் ஊசிகள் தீர்ந்துபோயின. மறுபடியும் சேந்தமங்கலத்துக்கு பஸ் ஏறினேன். அந்தத் தடவை அத்தையும் கூட வந்தார்.