அருள்மணி இறந்த கிழமை

வெள்ளிக்கிழமை மாலை நான்கு இருபதுக்குச் செய்தி வந்தது. பள்ளிக்கூடம் விட்டு, வல்லத்திராக்கோட்டை பஸ்ஸுக்காகப் பிரகதீஸ்வரி சாலையோரம் நின்றிருந்தாள். கைபேசித் திரையில் கணவன் அருள்மணியின் பெயர். அன்று காலை ஏழு மணிக்கு அவனுக்கு மூன்று நிமிடக் குரல்செய்தி ஒன்றை அனுப்பியிருந்தாள். மூன்று பத்துக்கு அதன் பக்கத்தில் இரண்டு நீலக் குறிகள் விழுந்தன. ஆசிரியர் அறையில் உட்கார்ந்து அதைப் பார்த்தவள், கேட்டுவிட்டான், பதில் தெரியாமல் முழிக்கிறான் என்று தனக்குள் சிரித்துக்கொண்டாள். அதனால் போனை எடுத்ததும், "என்னங்க, ஒத்துக்கிறீங்களா?" என்றாள்.

"அக்கா, நான் ஜெரால்டு" என்றது குரல்.

ஜெரால்டு ஓமனில் அருள்மணியோடு ஒரே அறையில் தங்கியிருப்பவன். அவன் சொன்னதை அவள் முதலில் சரியாக வாங்கிக்கொள்ளவில்லை. இரவு வேலை முடிந்து காலையில் வந்தானாம். அண்ணன் தூங்குகிறார் என்று நினைத்துத் தானும் படுத்துவிட்டானாம். பன்னிரண்டு மணிக்குச் சாப்பிட எழுப்பினானாம். "டாக்டர் பாத்துட்டு, இது நேத்து ராத்திரி ஒம்பது பத்து மணிக்கே போன உசுருன்னு வாயால சொன்னாருக்கா. ஆஸ்பத்திரிப் பேப்பர்ல மட்டும் இன்னைக்குத் தேதி போட்டிருக்காங்க. ஒங்க நம்பரைத் தேடித்தான் அண்ணன் போனைத் திறந்தேன். அப்ப ஒங்க மெசேஜும் திறந்துருச்சு."

பஸ் வந்து நின்று, ஆள் ஏற்றிக்கொண்டு போனது. அவள் ஏறவில்லை.

பிரகதீஸ்வரி குளத்தூரில் பிறந்தவள். புதுக்கோட்டையில் இயற்பியலில் எம்.எஸ்சி. முடித்து, அரசுப் பள்ளியில் மேல்நிலை வகுப்புகளுக்குப் பாடம் எடுத்தாள். கல்யாணமாகிப் பதினோரு வருடம், குழந்தை இல்லை. அதில் ஒன்பது வருடம் அருள்மணி வெளிநாட்டில் இருந்தான். ஓமனில் சோஹார் என்ற ஊரில், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை ஒன்றில் மீட்டர்களைச் சரிபார்க்கும் வேலை. டிப்ளமோ படித்தவன். புத்தகம் படிக்கிற ஆள் இல்லை. ஆனால் ஒன்றைச் சொன்னால் விடமாட்டான்.

வெள்ளிக்கிழமை அவனுக்கு விடுமுறை. அன்று சாயங்காலம் இருவரும் ஒரு மணி நேரமாவது பேசுவார்கள். ஊர்க்கதை, மாமியாரின் முட்டிவலி, கிணற்று மோட்டார் எல்லாம் பத்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். பிறகு என்ன பேசுவது? ஒரு தடவை, "இந்த வாரம் என்ன நடத்துன?" என்று ஒப்புக்குக் கேட்டான். பாடத்தில் இல்லாத ஒன்றைக் கேள்விப்பட்டு மாணவி ஒருத்தி வந்து கேட்டதைச் சொன்னாள். குவாண்டம் பின்னல். ஒன்றாகப் பிறந்த இரண்டு துகள்கள் எவ்வளவு தூரம் பிரிந்து போனாலும், ஒன்றை அளந்தால் என்ன வருகிறதோ அதற்குப் பொருத்தமாகவே மற்றதிலும் வரும்.

"இதுல என்ன அதிசயம்?" என்றான் அவன். "நார்த்தாமலை கோயில்ல தேங்காய் ஒடச்சா, ஒரு மூடி பூசாரிக்கு, ஒரு மூடி நமக்கு. பையில போட்டுக் குடுத்துடுறாரு. வீட்டுக்கு வந்து பிரிச்சுப் பாக்குற. கண்ணு இல்லாத மூடி. அந்த நிமிஷமே தெரிஞ்சுபோகுது, கண்ணு உள்ள மூடி பூசாரிகிட்ட இருக்குன்னு. நீ பிரிச்சதால அங்க கண்ணு மொளச்சுச்சா? ஒடச்ச அப்பவே முடிஞ்சுபோன விஷயம்."

"இது தேங்காய் இல்லீங்க."

"எல்லாம் தேங்காய்தான், டீச்சர்."

அன்று தொடங்கிய சண்டை இரண்டு வருடம் ஓடியது. ஆசிரியர் அறையில் பேச்சு இடமாறுதலையும் தேர்தல் பணியையும் தாண்டாது. அவள் கல்லூரித் தோழிகள் எல்லாரும் பிள்ளைகளோடு அல்லாடிக்கொண்டிருந்தார்கள். அவள் படித்த படிப்பை மதித்து அவளோடு மல்லுக்கு நின்ற ஒரே ஆள் ஆயிரக்கணக்கான மைல் தள்ளி இருந்தான்.

அவன் கட்சி எளிமையானது. மீட்டரைப் பார்ப்பதற்கு முன்பே குழாயில் அழுத்தம் இருக்கிறது. முள் காட்டுவது ஏற்கெனவே உள்ளதைத்தான். அவள் கட்சி வேறு. துகளை அளக்கும் முன் அதில் விடை என்ன இருந்தது என்று கேட்பதற்கே இடமில்லை என்பாள். ஒருநாள் இதை அவள் விளக்கிக்கொண்டிருந்தபோது அடுப்பங்கரையில் புஸ்ஸென்று சத்தம். கேட்டுவிட்டான். "என்ன அது?"

"ஒண்ணுமில்ல."

"பால் பொங்கிருச்சா? நீ இங்க என்கிட்டல்ல பேசிக்கிட்டிருந்த. நீ பாக்காம அது எப்படிப் பொங்கும்?" அறையில் ஜெரால்டும் சேர்ந்து சிரிப்பது கேட்டது.

"பால் பெரிசு. நான் சொல்றது எலக்ட்ரான்" என்று கரித்துணியைத் தேடினாள்.

அவனை மடக்க அவள் ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்தாள். இரண்டு துகளும் பிரியும்போதே ஆளுக்கு ஒரு சீட்டை மடியில் கட்டிக்கொண்டு போகின்றன என்று வைத்துக்கொள்வோம். நாம் கேட்கக்கூடிய மூன்று கேள்விகளுக்கும் ஆமாம், இல்லை என்று விடை அதில் எழுதியிருக்கிறது. இரண்டு சீட்டிலும் ஒரே விடைகள். அவன் அங்கே ஒரு கேள்வி கேட்க வேண்டும், அவள் இங்கே வேறு ஒரு கேள்வி. இரண்டு பதிலும் எத்தனை தடவை ஒத்துப்போகும்? மூன்று விடை, இரண்டே வகை. எப்படி எழுதினாலும் ஏதாவது இரண்டு ஒன்றாகத்தான் இருந்தாக வேண்டும். அதனால் மூன்றுக்கு ஒரு தடவையாவது ஒத்துப்போகும். அதற்குக் கீழே போகவே முடியாது. ஆனால் ஆய்வகத்தில் நிஜத் துகள்களைக் கேட்டுப் பார்த்தவர்களுக்கு நான்குக்கு ஒரு தடவைதான் ஒத்துப்போனது.

"அப்ப சீட்டே கெடயாது. ஒங்க தேங்காயும் கெடயாது" என்றாள்.

ஒரு வாரம் யோசித்துவிட்டு அடுத்த வெள்ளிக்கிழமை போனில் சொன்னான். "சீட்டு இல்லைன்னா, ஒண்ணு இன்னொண்ணுக்குச் சேதி சொல்லி விடுது."

"அதுவும் இல்ல. இங்க இருக்கிற துகளை மட்டும் எவ்வளவு நேரம் பாத்துக்கிட்டிருந்தாலும், அங்க அளந்தாங்களா இல்லையான்னு கண்டுபிடிக்க முடியாது. இங்க ஒரு மாற்றமும் தெரியாது. ரெண்டு பேரும் போன் போட்டு நோட்டை ஒப்பிட்டுப் பாத்தாத்தான் உண்டு."

"பெரிய படிப்புப் படிச்சவங்க என்ன சொல்றாங்க?"

அவர்களும் இன்னும் ஒத்துப்போகவில்லை என்பதை அவள் மறைக்கவில்லை. ஒவ்வோர் அளவீட்டிலும் உலகமே கிளை பிரிகிறது, எல்லா விடையும் எங்கோ ஓர் உலகத்தில் நடக்கிறது என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள் என்றாள்.

"அப்ப ஏதோ ஒரு ஒலகத்துல எனக்கு லீவு கெடச்சு, நான் அங்க வந்திருப்பேன்ல" என்றான்.

அவள் மாமியாரின் முட்டிவலியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். பேச்சு வேறெங்கோ போய்விட்டது.

கடைசி வியாழக்கிழமை மாலை அவன் ஒரு குரல்செய்தி அனுப்பினான். சீட்டில் எழுதியது நடுவழியில் மாறிக்கொண்டே போகலாமே என்று புதிதாக ஒரு வாதம். இரவு சமையலுக்கு நடுவே கேட்டாள். எங்கே ஓட்டை என்று தெரிந்தது. காலையில் நிதானமாகச் சொல்லலாம் என்று படுத்தாள். நன்றாகத் தூங்கினாள். காலையில் எழுந்து, தலைக்குக் குளித்து, பூ வைத்துக்கொண்டு, அவன் வாதத்தைத் துண்டு துண்டாக உடைத்து மூன்று நிமிடம் பேசி அனுப்பினாள். நடுவில் இரண்டு இடத்தில் சிரித்தும் இருந்தாள்.

உடல் வரப் பதினோரு நாள் ஆனது. திருச்சி விமான நிலையத்திலிருந்து நேரே வீட்டுக்குக் கொண்டுவந்து, அன்று மாலையே காடு சேர்த்தார்கள். அந்தப் பதினோரு நாளும் வந்தவர்கள் எல்லாரும் அவளிடம் ஒன்றைத்தான் கேட்டார்கள். அன்னைக்கி ராத்திரி ஒனக்கு ஒண்ணுமே தோணலையா? கனவு கினவு? நெஞ்சு படபடப்பு? இல்லை என்று சொன்னாள். கேட்டவர்கள் அவளைப் பார்த்த பார்வையில் இரக்கம் கொஞ்சம் குறைந்ததுபோல் இருந்தது.

மாமியார் ராக்காயி மட்டும் தனக்குத் தெரிந்துவிட்டது என்றார். வியாழக்கிழமை இரவு அடிவயிற்றில் சுருக்கென்று இழுத்ததாம், எழுந்து உட்கார்ந்துவிட்டாராம். அன்று இரவு பத்தே முக்காலுக்குத் தொலைக்காட்சியை அணைத்து, குறட்டை விட்டுக்கொண்டிருந்த மாமியாருக்குப் போர்வை போர்த்திவிட்டவள் பிரகதீஸ்வரி. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

காரியப் பத்திரிகை அடிக்க வேண்டிய நாள் வந்தது. அருள்மணியின் சித்தப்பா உடையப்பன்தான் எல்லாவற்றையும் முன்னின்று செய்தார். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கையில் மாதிரித் தாளோடு கூப்பிட்டார்.

"ஆத்தா பிரகதி, பிரஸ்ஸுக்காரன் போன் மேல போன் போடுறான். மறைந்த நாள்னு போட்டுப்புட்டு, அங்கிட்டு ஒண்ணும் எழுதாம விட்ருக்கான். பேப்பர்ல வெள்ளிக்கெழம இருக்கு. நமக்குச் சேதி வந்ததும் வெள்ளிதான். அதையே போட்ரவா?"

உள்ளேயிருந்து ராக்காயி எழுந்து வந்தார். "வெள்ளிக்கெழமயா? எம்புள்ள வியாழக்கெழம ராத்திரியே போயிட்டான். பெத்த வயிறு சொல்லுச்சுய்யா எனக்கு."

"கோயில்ல வாங்கித் தின்ன புளியோதர சொல்லிருக்கும் மதினி."

"ஒனக்கு எல்லாமே எளக்காரந்தான்." ராக்காயி மருமகளைப் பார்த்துத் திரும்பினார். "நீ சொல்லு புள்ள. வருஷா வருஷம் திதி குடுக்குறது எந்த நாள்ல? பொண்டாட்டி நீதான் சொல்லணும்."

இரண்டு பேரும் அவள் வாயைப் பார்த்தார்கள். அவர்களுக்கு அது ஒரு தேதி. அவளுக்கு அது பதினெட்டு மணி நேரம். வெள்ளிக்கிழமை என்று சொல்லிவிட்டால், அந்தப் பதினெட்டு மணி நேரமும் அவளுடையது. தூங்கிய தூக்கமும் வைத்த பூவும் பேசிய பேச்சும் உயிரோடிருந்த புருஷனுக்கானவையாகவே நின்றுவிடும். அவளுக்கு எதுவும் தோன்றாததிலும் குற்றம் இருக்காது, தோன்றுவதற்கு இன்னும் ஒன்றும் நடந்திருக்கவில்லை என்று ஆகிவிடும். பேப்பரும் அவள் பக்கம் இருந்தது. பார்த்தபோதுதான் முடிவானது என்று அவள் இரண்டு வருடம் சொன்னதையே ஓர் ஆஸ்பத்திரி முத்திரை குத்திக் கொடுத்திருந்தது.

ஆனால் அவன் எலக்ட்ரான் இல்லை. பார்த்தபோதுதான் மனிதன் செத்தான் என்று ஒரு மாணவி எழுதியிருந்தால் சிவப்பு மையால் அடித்திருப்பாள். எழுபத்திரண்டு கிலோ எடையுள்ள மனிதன் ஒருவன், அங்கே ஒன்பதும் இங்கே பத்தரையுமாக மணி இருந்தபோது, ஓர் இரும்புக் கட்டிலில் தனியாகச் செத்துப்போனான். யாரும் பார்க்கவில்லை என்பதால் அது நடக்காமல் இருக்கவில்லை. அவன் கட்டிலில் கிடந்த அந்தப் பதினைந்து மணி நேரத்தையும் இல்லை என்று சொல்லிவிட்டால், அவன் பட்டதும் இல்லை என்று ஆகிவிடும். அதற்கு அவளுக்கு மனம் வரவில்லை.

"வியாழக்கெழமன்னே போடுங்க, சின்ன மாமா."

உடையப்பன் தாளைத் தூக்கிக் காட்டினார். "பேப்பர்ல வேற மாதிரி இருக்கேத்தா."

"பேப்பர் பாத்தவங்க எழுதுனது. அவர் அதுக்கு முன்னாடியே போயிட்டார்."

சொல்லி முடித்த பிறகுதான், அவன் கட்சியை முதல்முறையாகத் தன் வாயால் பேசியிருக்கிறோம் என்று தெரிந்தது. இதைக் கேட்டால் அவன் ஒரு வாரம் தூங்கமாட்டான். ஜெரால்டிடம் சொல்லிச் சொல்லிக் காட்டுவான்.

"பாத்தியாய்யா, அவளுக்கும் தோணியிருக்கு. வெளிய சொல்லிக்கல, அம்புட்டுத்தான்" என்றார் ராக்காயி. மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பிரகதீஸ்வரி மாமியாரின் முதுகைத் தடவிக்கொடுத்தபடி நின்றாள். தனக்கு எதுவும் தோன்றவில்லை என்பதை இனி யாரிடமும் சொல்ல முடியாது என்று நினைத்தாள். சொன்னால் புரிந்துகொண்டு, அதையே வைத்து அவளைச் சீண்டக்கூடிய அந்த ஒரே ஆள் இப்போது இல்லை.

காரியம் முடிந்து மூன்றாம் வாரம் பள்ளிக்குப் போனாள். விடுப்பு விண்ணப்பத்தை எழுதித் தலைமையாசிரியையிடம் கொடுத்தாள். அவர் படித்துவிட்டு, "வியாழக்கிழமை இறந்தார்னு எழுதியிருக்கீங்க. வெள்ளிக்கிழமை நீங்க வந்து கையெழுத்துப் போட்டிருக்கீங்களே டீச்சர்" என்றார்.

"ஆமாங்க மேடம். நாலு பீரியடும் எடுத்தேன்."

அவர் பேனாவை எடுத்தார். விடுப்பு திங்கட்கிழமையிலிருந்து என்று திருத்தி, கையெழுத்திட்டு வைத்துக்கொண்டார்.

அந்த வெள்ளிக்கிழமையின் கடைசிப் பீரியட் பன்னிரண்டாம் வகுப்பு பி பிரிவு. நூறு வோல்ட்டில் முடுக்கிய எலக்ட்ரானின் அலைநீளம் காணும் கணக்கைப் பலகையில் போட்டுக்கொண்டிருந்தாள். மதிப்புகளைச் சூத்திரத்தில் இட்டு முடித்தபோது மணி அடித்துவிட்டது. மீதியைத் திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தாள். அவளுக்குப் பதிலாக வந்த ஆசிரியர் அடுத்த பாடத்திலிருந்து தொடங்கிவிட்டார். திருத்துவதற்காக மேசையில் அடுக்கியிருந்த முப்பத்தெட்டு நோட்டுகளிலும் அந்தக் கணக்குக்கு விடை எழுதப்படவில்லை.