அப்பாவின் வாட்ச்சில் ஏறாத கலோரி

"இம்புட்டு நடந்தும் இந்த நம்பர் ஏம்மா ஏற மாட்டேங்கு?"

அப்பா கை வாட்ச்சைக் காட்டிக் கேட்டார். நான் அப்போது பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு, அடுத்து என்ன என்று தெரியாமல் ராஜபாளையம் வீட்டுக்குள் சுற்றிக்கொண்டிருந்தேன்.

அப்பா வேல்பாண்டி ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா மாஸ்டர். விறகடுப்பின் முன் நின்று, பால் சுண்டித் திரளும்வரை கை ஓயாமல் கிண்டுவார். போன வருடம் மாரடைப்பு வந்து பிழைத்தார். மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டர், அளவாக நடக்கச் சொன்னார். சித்தப்பா வாங்கித் தந்த வாட்ச் ஒவ்வொரு நடைக்கும் முந்நூறு கலோரி எரிக்கச் சொன்னது.

வேலை முடிந்ததும் கூட வேலை செய்யும் சீனிச்சாமி மாமாவோடு ரத வீதியைச் சுற்றுவார். எண் பாதியிலேயே நின்றுவிடும். உடனே இன்னொரு சுற்று, இன்னும் வேகமாக.

"ஏலே, மூச்சு இரைக்குல்லா. போதும்ல" என்பார் மாமா.

"பதம் வராம சட்டிய எறக்குவியாலே நீ?"

அதுதான் அப்பா. பதம் வரும்வரை அடுப்பை விட்டு நகர்ந்ததே இல்லை. வாட்ச்சையும் அப்படியே நினைத்துவிட்டார்.

ஒரு சாயங்காலம் தேரடியில் அவருக்குக் கண் இருட்டியது. விழுவதற்குள் மாமா தாங்கிப் பிடித்து, ராஜபாளையத்தில் அப்பா வழக்கமாகக் காட்டும் ஆஸ்பத்திரிக்கே காரில் கொண்டுவந்து சேர்த்தார். நான் ஓடிப்போனபோது, "தூக்கவே முடியல தாயி. உங்கப்பன் வாட்ச்சுல என் கலோரியையும் சேத்துக்கோ" என்றார்.

ஈசிஜி எடுக்கும்போதே அப்பா நர்ஸ் ஜெயசித்ராவிடம் கேட்டார்: "மாத்திரதான் என்னைய மந்தமாக்குது. ரெண்டு நாள் விட்டுப் பாக்கவா?"

"விட்டுட்டு உயிரோட இருக்க வேண்டாமா அண்ணாச்சி? துடிப்பு எகிறாம அந்த மாத்திரதான் புடிச்சு வைக்கு. வாட்ச்சு துடிப்ப வச்சுத்தான் கலோரிக் கணக்குப் போடும். நீங்க எம்புட்டு நடந்தாலும் அதுக்குக் கம்மியாத்தான் தெரியும்."

"பொறவு எப்பத்தான் நிப்பாட்ட?"

"பேசிக்கிட்டே நடங்க. பேச்சு திணறுனா மெதுவாப் போங்க. தலை சுத்துனா, நெஞ்சு வலிச்சா உடனே உக்காந்து ஆளக் கூப்பிடுங்க. டாக்டரக் கேக்காம மாத்திரைய மட்டும் நிப்பாட்டாதீக."

அப்பா யோசித்தார். "அப்போ பதம் என் வாயிலதான் இருக்கு."

"அது ஓயவே ஓயாது சிஸ்டர். இவன் நூறு வயசு இருப்பான்" என்றார் மாமா.

டாக்டரும் நர்ஸ் சொன்னதையே சொல்லி, மாத்திரை அளவைச் சரிபார்த்து, மறுநாள் வீட்டுக்கு அனுப்பினார். அப்பா இப்போது மறுபடியும் அடுப்பின் முன் நிற்கிறார். சாயங்காலம் மாமாவோடு சண்டை போட்டுக்கொண்டே மெதுவாக நடக்கிறார். வாட்ச்சில் மணி மட்டும் பார்க்கிறார். நடந்துகொண்டே எனக்குப் போன் செய்யும் அவர் குரல் திணறாமல் கேட்கும்போதெல்லாம், தாங்கிய மாமாவின் கைக்கும் புரியும்படி சொன்ன நர்ஸ் அக்காவுக்கும் மனதுக்குள் நன்றி சொல்கிறேன்.

உங்கள் தெருவிலும் இதய மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு, வாட்ச்சைப் பார்த்துப் பார்த்து வேகமாக நடக்கிறவர் யாராவது இருப்பார். எங்கள் அப்பாவின் கதையை அவரிடம் சொல்லிவிடுங்கள்.