மலர்விழியின் கோடிப் புடவை

கிள்ளான் நகரக் கடைத்தெரு மாடியில் ரவிக்கை தைக்கும் அமுதவள்ளிக்கு, 'நிலைவாசல் நீலா' தொலைக்காட்சித் தொடரில் உடை தைக்கும் வேலை கிடைத்தது. படப்பிடிப்பு நடக்கும் வீடு எதுவென்று முதல் நாள் வண்டி போய் நின்றபோதுதான் தெரிந்தது. இராஜம்மாவின் வீடு. நல்ல வாடகை என்று வீட்டைப் படப்பிடிப்புக்கு விட்டுவிட்டு, இராஜம்மா சுங்கை பூலோவில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போயிருந்தாள்.

"வாங்கக்கா, உள்ள வாங்க" என்று விளக்குக்காரர் ஒருவர் கேட்டை அகலத் திறந்துவிட்டார். அமுதவள்ளியின் கால் ஒரு கணம் எழவில்லை.

2006-ல் அவள் தங்கை மலர்விழி அந்த வீட்டு மருமகளாக இருந்து, காய்ச்சலில் இறந்துபோனாள். ஏன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகவில்லை என்று அப்பா தொலைபேசியில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டார். அதற்காக மாமியார் இராஜம்மா கேட்டை உள்ளிருந்து பூட்டினாள். பிறந்த வீட்டார் கொண்டுவரும் கோடிப் புடவையைப் போர்த்தித்தான் சுமங்கலியை வழியனுப்புவார்கள். அப்பா கோடித் தட்டோடு கேட்டுக்கு வெளியே நின்றார். பிணம் கோடியில்லாமலே போயிற்று. கடுகு மஞ்சளில் அரக்குக் கரை போட்ட அந்தப் பட்டு, மடிப்புக் கலையாமல் அமுதவள்ளியின் அலமாரிக்குத் திரும்பியது.

இப்போது அதை எடுத்தாள். செத்துப்போன மருமகள் பேயாக வரும் காட்சிக்கு, நீலாவாக நடிக்கும் பெண்ணுக்கு அதையே கட்டிவிட்டாள். கிழவி பார்க்கட்டும். தன் வீட்டு மாடிப்படியில் அந்தப் புடவை இறங்கி வருவதைப் பார்த்து அவள் ஈரக்குலை நடுங்கட்டும்.

தொடர் ஒளிபரப்பானதும் ஊர் இரண்டாகப் பிரிந்தது. வெள்ளிக்கிழமை அன்னதானத்துக்குக் காய் நறுக்கும் கோயில் சமையற்கட்டில் வேறு பேச்சே இல்லை.

"பேய்னா வெள்ளப் புடவதான்லா கட்டும்? இது பாத்தா கல்யாணத்துக்குப் போற மாதிரி இருக்கு" என்றாள் தங்கமணி.

"போக்கா, பேய விடு. அந்த மாமியாக்காரி மொறைச்சாலே எனக்குக் காய்ச்சல் வருது" என்றாள் புனிதா.

இராஜம்மாவும் மகன் வீட்டிலிருந்து வெள்ளிதோறும் அதே சமையற்கட்டுக்கு வருபவள்தான். மலர்விழி போனதிலிருந்து அவளும் அமுதவள்ளியும் பேசிக்கொண்டதில்லை. அமுதவள்ளி பயிற்றங்காயைக் கிள்ளியபடி இராஜம்மாவின் வாயையே பார்த்திருந்தாள்.

"என் வீட்டு மாடிப்படி எவ்ளோ எடுப்பா விழுந்திருக்கு பாத்தீங்களா? மார்பிள் அப்பவே போட்டது" என்றாள் இராஜம்மா. "ஆனா அந்த மாமியாள நடுரோட்டுல நிக்க வெச்சு நாலு பேரு கேக்கணும்."

புடவை அவள் கண்ணில் படவே இல்லை.

மறு வாரம் இயக்குநர் விமலன் பிரிக்பீல்ட்ஸ் அலுவலகத்திலிருந்து கூப்பிட்டான். "அக்கா, பட்டுப் புடவைய ஜனங்க கிண்டல் பண்றாங்க. வெள்ளைக்கு மாத்திடலாமா?"

"மாத்தாதீங்க தம்பி. புடவைக்கு ஒரு காரணம் வெச்சுடுங்க" என்று, கற்பனைபோல அந்தக் கதையைச் சொன்னாள். அக்காவும் தம்பியும் கோடி கொண்டுவருகிறார்கள். மாமியார் கேட்டைப் பூட்டுகிறாள். போர்த்தாத கோடியைக் கட்டிக்கொண்டு செத்தவள் திரும்பி வருகிறாள். அப்பாவை மட்டும் கதையில் சேர்க்கவில்லை. அவர் நின்ற நிலையை இன்னொருவர் நடித்துப் பார்க்க அவளால் முடியாது.

"அக்கா, சூப்பர்க்கா!" என்றான் விமலன். அதே கேட்டிலேயே படமாக்கினான்.

அந்தக் காட்சி வந்த வாரம் சமையற்கட்டில் கத்தியைவிட வாய்தான் அதிகம் ஓடியது.

"நான் அழுதுட்டேன்கா" என்றாள் புனிதா.

"பேய்க்கதைன்னு சொல்லி ஒப்பாரி வெக்கிறாங்க. எனக்குப் புடிக்கல" என்றாள் தங்கமணி. "ஆனா கோடியத் தடுக்கிற பொம்பள உலகத்துல இருப்பாளா? அது சும்மா கதைக்காகலா."

இராஜம்மா தேங்காய் மூடியைக் கீழே வைத்தாள். முகம் கறுத்திருந்தது.

"எல்லாத்தையும் மாமியா தலையில கட்டாதீங்கடி. மழ இருட்டிக்கிட்டு வருது, வண்டிக்காரன் அவசரப்படுத்துறான். அந்த நேரத்துல அவ அப்பன் கேட்டு முன்னால நின்னு நியாயம் பேசினா, எவ தொறப்பா?"

புனிதாதான் மெல்லக் கேட்டாள். "மழையா? அப்படி எதுவும் காட்டலயே? அப்பாவும் வரலயேம்மா, அக்காவும் தம்பியுந்தானே வந்தாங்க?"

இராஜம்மா கீழே வைத்த மூடியை மறுபடி கையில் எடுத்தாள்.

"எங்கப்பா நியாயம் பேசல அத்தை" என்றாள் அமுதவள்ளி, காயிலிருந்து கண்ணை எடுக்காமல். "கோடிய மட்டும் போட்டுட்டுப் போயிடுறோம்னு கெஞ்சினாரு. மழையில நனைஞ்சுக்கிட்டே கெஞ்சினாரு."

தங்கமணி தன் பலகையை இழுத்துக்கொண்டு சற்றுத் தள்ளி உட்கார்ந்தாள். அதைப் பார்த்த பிறகுதான் இராஜம்மாவின் குரல் இறங்கியது.

"அமுதா, அந்தப் புடவையக் குடுத்துடும்மா. அவ படத்துக்கு முன்னால வெச்சு ஒரு படையல் போட்டுடுறேன்."

"ஷூட்டிங் இருக்கு அத்தை."

இராஜம்மா எழுந்து போனாள். செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு போனதை எல்லாரும் பார்த்தார்கள். ஒருத்தியும் கூப்பிட்டுச் சொல்லவில்லை.

மாலையில் அமுதவள்ளி பட்டுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது விமலன் அழைத்தான். "அக்கா, கடைசி எபிசோட்ல நீலா மாமியார மன்னிக்கணுமான்னு ஜனங்களக் கேட்டோம். பாதிப் பேரு மன்னிக்கட்டும்ங்கிறாங்க, பாதிப் பேரு கூடாதுங்கிறாங்க. நீங்க என்ன சொல்றீங்க?"

அரக்குக் கரையை நீவிவிட்டு, இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"கூடாதுங்கிறவங்களோட என்னையும் சேத்துக்குங்க தம்பி."