பழைய கம்ப்யூட்டருக்கு ஒரு மலைப் பஸ்

ஜமுனாமரத்தூரில் நானும் என் கணவரும் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறோம். கடைக்குப் புதிய கம்ப்யூட்டர் வந்தபோது பழையதை விற்க விடாமல் நான் வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன். டீ போட்டுக் குடித்து முடித்த பிறகுதான் அதன் திரையில் வெளிச்சம் வரும். இணையத்தைத் திறந்தால் உறைந்து நின்றுவிடும். ஆனால் கல்யாணத்துக்கு முன் கண்ணமங்கலத்தில் நான் கற்ற ‘பேசிக்’ என்ற கம்ப்யூட்டர் மொழியில் எதை எழுதிக் கொடுத்தாலும் சுறுசுறுப்பாக ஓட்டும்.

கடையில் யாருக்கோ ஆதார் நகல் எடுக்கும்போதுகூட, அடுத்து அதில் என்ன செய்யலாம் என்றே யோசித்துக்கொண்டிருப்பேன். சாமைக் கொல்லையில் இறங்கும் குருவிகளை விரட்டும் விளையாட்டு ஒன்று எழுதினேன். தமிழ்த் தட்டச்சுப் பழகும் விளையாட்டு ஒன்று பாதியில் கிடக்கிறது. ஒவ்வொரு எழுத்தையும் புள்ளி புள்ளியாக நானே வரைய வேண்டும். இந்த மழைக்காலம் முழுக்க எழுதியது பஸ் விளையாட்டு. மலைப்பாதையில் பஸ் ஏறும். வளைவில் சரியாகத் திருப்ப வேண்டும். தவறினால் பள்ளத்தில் தள்ள எனக்கு மனசு வரவில்லை. பின்னால் நகர்ந்து மறுபடி ஏறும்படி வைத்தேன்.

பொங்கல் லீவுக்கு என் நாத்தனார் வந்தாள். சென்னையில் மென்பொருள் வேலை. என் விளையாட்டை ஆடிப் பார்த்து நன்றாக இருக்கிறது என்றாள். அன்று முழுக்கத் தரையில் கால் படாமல் நடந்தேன்.

மறுநாள் காலை அவள் மடிக்கணினியில் ஏஐயிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். மதியச் சாப்பாட்டுக்குள் அதே பஸ் விளையாட்டு தயாராகிவிட்டது. பச்சைப் பசேலென்று மலை, நிஜமான ஹாரன், வளைவுகளில் மெதுவாக இறங்கும் பனிமூட்டம். நான் எழுதியதை நின்ற வாக்கிலேயே பார்த்து ‘ம்’ என்று போனவர் என் கணவர். இதற்குச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். சோறு ஆறிக்கொண்டிருந்தது.

“நம்ம ஊரு பனி அப்டியே கீது, வந்து பாரு” என்று என்னையே கூப்பிட்டார்.

போய்ப் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது. அதுதான் வயிற்றெரிச்சல். மோசமாக இருந்திருந்தால் அவளை மனதாரப் பாராட்டியிருப்பேன். அவர் அதைத் தன் போனில் ஏற்றிக்கொண்டு கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், தங்கச்சி செய்தது என்று காட்டினார். யோசனை யாருடையது என்று ஒருவரும் கேட்கவில்லை. நானாகச் சொல்லவும் கௌரவம் விடவில்லை.

லீவு முடிந்து அவளைப் பஸ் ஏற்றப் போனேன். பஸ் வரும்வரை என்னென்னவோ பேசியவள் திடீரென்று சொன்னாள்:

“நீங்க ஒவ்வொரு வரியும் நீங்களே எழுதுறீங்க அண்ணி. நான் சொன்னேன், அது எழுதிக் குடுத்துச்சி. உள்ள இன்னா இருக்குன்னு எனக்கே முழுசாத் தெரியாது. உங்களப் பாத்தா பொறாமையா இருக்கு.”

நான் அதை நம்பவில்லை. எல்லாம் கையில் இருக்கிறவளுக்கு அப்படிச் சொல்வது சுலபம். “பத்திரமா போய்ட்டு வாம்மா” என்று மட்டும் சொன்னேன்.

அந்தப் பனி மட்டும் என்னை விடவில்லை. என் பஸ்ஸிலும் இறக்கிப் பார்த்தேன். திரை முழுக்க வெள்ளையடித்ததும் பழைய கம்ப்யூட்டர் திணறி, பஸ் முதல் வளைவிலேயே நின்றுவிட்டது. பிறகு ஒரு வழி தோன்றியது. பனியை வரைய வேண்டியதில்லை. தூரத்தில் இருக்கும் பாதையை வரையாமல் விட்டால் போதும். பஸ் நெருங்க நெருங்கப் பாதை கொஞ்சம் கொஞ்சமாகத் தெரியும். வேலையும் குறைந்தது; பஸ் முன்பைவிட வேகமாக ஏறியது.

போனில் படம் பிடித்து அவளுக்கு அனுப்பினேன். உடனே பதில் வந்தது: “அந்த மெஷின்லயா? எப்டி அண்ணி பண்ணீங்க?”

பார்த்ததும் போனைக் கவிழ்த்து வைத்தேன். துணிகளை மடித்தேன், கடைக்குப் போனேன், கூட்டமில்லாத நேரத்திலும் சும்மா உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம்தான் பதில் எழுதினேன். அதுவரை அவள் யோசித்துக்கொண்டிருக்கட்டும் என்றிருந்தது.